பிளந்த ஒளியும் பிரித்த பெட்டிகளும்

இலக்கணம் படித்தவர்களுக்குப் பகுப்பின்மேல் ஒரு மயக்கம் உண்டு. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துவிட்டால் உலகமே அப்படித்தான் கிடக்கிறது என்று தோன்றிவிடும். எனக்கு அந்த மயக்கம் கொஞ்சம் தெளிந்தது, ஒளிக் குறுக்கீட்டுமானிகளின் வரலாற்றைப் படித்தபோது.

ஒரே மூலத்தின் ஒளியை இரண்டாக்கி அனுப்பி, மறுபடி சேர்த்தால் இருளும் ஒளியுமாக வரிகள் விழும். வரி நகர்ந்தால் இரண்டு பயணங்களுக்கிடையே ஏதோ வித்தியாசம். கருவி இவ்வளவுதான். ஒளியை எப்படிப் பிளக்கிறோம் என்பதை வைத்துப் பாடநூல்கள் இவற்றைப் பிரிக்கின்றன. அலைமுகத்தின் இரு வேறு இடங்களிலிருந்து ஒளியை எடுத்தால் அலைமுகப் பகுப்பு. 1803இல் தாமஸ் யங் சூரியக் கதிரின் குறுக்கே மெல்லிய அட்டையை நிறுத்தியது இவ்வகை. லேசாக வெள்ளி பூசிய கண்ணாடியில் பாதியைத் திருப்பி, பாதியை ஊடுருவவிட்டால் வீச்சுப் பகுப்பு.

இதில் மைக்கல்சன் என்கிற ஒரே ஆளே இரண்டாக உடைகிறார். 1887இல் மோர்லியோடு கிளீவ்லாந்தில் ஈதரைத் தேடிய கருவி வீச்சுப் பெட்டியில். 1920இல் மவுண்ட் வில்சனில் திருவாதிரை விண்மீனின் விட்டத்தை அளந்த கருவி அலைமுகப் பெட்டியில்.

கேள்வியை மாற்றிப் பார்ப்போம்: பிளந்த கதிர்கள் தனித்தனி வழியில் போகின்றனவா, ஒரே வழியிலா? உடனே பக்கத்து வீடுகள் மாறிவிடுகின்றன. ஈதரைத் தேடிய கருவியில் தனித்தனி வழி. ஒரு கை அசைந்தாலும் வரி கலையும். அதனால்தான் பெர்லினின் தெரு அதிர்வு தாங்காமல் 1881இல் போட்ஸ்டாமுக்குப் போனார் மைக்கல்சன்; 1887இல் கற்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். 1913இல் சாக்னாக் அமைத்த கருவியில் கதிர்கள் ஒரே சுற்றில் எதிரெதிராக ஓடின. அதிர்வு இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே பாதிக்கும். சுழற்சி மட்டும் பிரித்துக் காட்டும். 1851இல் ஓடும் நீரில் ஒளியைச் சோதித்த ஃபீசோ முதல் பகுப்பில் யங்கோடு இருந்தவர். இப்போது சாக்னாக்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டு பகுப்பிலும் விடுபட்டது ஒண்ணு உண்டு. சாக்னாக் தன் வரிகள் நகர்ந்ததை ஈதருக்குச் சான்று என்று அறிவித்தார். மைக்கல்சனுக்கோ வரிகள் எதிர்பார்த்தபடி நகராதது ஏமாற்றம். இருவரையும் கருவி கட்ட வைத்த ஈதருக்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை. தோற்ற கேள்விகளைக் கழுவித் தள்ளிய பிறகுதான் வகைப்பாடு இவ்வளவு சுத்தமாகிறது.

பகுப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை; அது இல்லாமல் எதையும் படிக்க முடியாது. ஆனால் பெட்டியை நீட்டுகிறவரிடம், இது யாருடைய கேள்விக்காகச் செய்தது, எதை வெளியே விட்டீர்கள் என்று கேட்கலாம். மனிதர்களை அடைத்துவைத்த பெட்டிகளிடம் நாம் கேட்டுவருவதும் இதைத்தான்.