சூடிக் கொடுத்த கதையும் கேட்டு நின்ற நெஞ்சங்களும்

ஒரு கதையை முதலில் சொன்னவர் யார், அது எந்நூற்றாண்டில் தோன்றியது என்று ஆராய்வது இலக்கிய வரலாற்றின் வழக்கம். அதைக் கேட்டவர் என்ன செய்தனர் என்று எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இச்சிறு நிலப்பரப்பு ஒரு பெண்ணின் கதையைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வருகிறது. மகிழ்ந்திருக்கிறது, ஐயுற்றிருக்கிறது, சினந்தும் இருக்கிறது. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில், அக்கதையைக் கேட்டவர்களின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

கதை நாம் அறிந்ததே. துளசி வனத்தில் கிடைத்த குழந்தை. இறைவனுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக் கிணற்று நீரில் அழகு பார்த்த சிறுமி. அதைக் கண்டு பதறிய தந்தை. அவள் சூடிய மாலையே வேண்டும் என்று கனவில் கேட்ட கடவுள். இறுதியில் திருவரங்கத்தில் இறைவனோடு கலந்த மணமகள். பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் இதனைச் சமய வரலாறாகவே எடுத்துரைக்கிறது. சமயம் சாராத ஒருவர் இதனை அற்புதக் கதை என்பார். எப்படிக் கொண்டாலும் ஒன்று தெளிவு. மரபை மீறிய ஒரு செயல் கதையின் நடுவே நிற்கிறது. அதற்கு எழுந்த முதல் எதிர்வினை தந்தையின் சினம். அச்சினத்திற்கு அடியில் இருந்தது பகையன்று. தான் போற்றும் பொருளுக்கு மாசு நேர்ந்ததே என்னும் அன்பின் அச்சம்.

கோதையும் பழைய கதையைப் புதிதாகச் சொன்னவளே. ஆயர்பாடிப் பெண்கள் நோற்ற நோன்பைத் தன் ஊருக்குக் கொண்டு வந்தாள். வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் அவள் பாவித்தாள் என்பர் உரைமரபினர். மூலத்தை மாற்றினாள் என்று எவரும் குறை கூறினாரல்லர். 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவை மார்கழிதோறும் ஊர்களை எழுப்புகிறது. ஆயின் 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில், மணக்கனவைச் சொல்லும் பகுதி திருமண வீடுகளில் ஒலிக்கும் அளவுக்கு ஏனையவை ஒலிப்பதில்லை. ஒரே கவிஞரின் இரு நூல்களில் எதனை உரக்கப் பாடுவது, எதனை மெல்லப் படிப்பது என்று கேட்போரே வகுத்துக் கொண்டனர்.

அந்நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்து கொண்டதாக ஒரு பாசுரம் உண்டு. பிற்காலத்தில் வந்த இராமாநுசர் அதனைப் படித்தார்; வேண்டுதல் நிறைவேறவில்லையே என்று எண்ணித் தாமே சென்று அதனைச் செலுத்தினார்; பின் வில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது வைணவ மரபு. ஒரு கவிதை வைத்துவிட்டுப் போன கடனை வாசகர் ஒருவர் தீர்த்து வைத்தார். வாசக எதிர்வினைக்கு இதனினும் உயர்ந்த சான்று யான் அறிந்தவரை வேறில்லை.

16ஆம் நூற்றாண்டில் இக்கதை தெலுங்கிற்குச் சென்றது. கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கிய கிருஷ்ணதேவராயரின் கனவில் ஆந்திர விஷ்ணு தோன்றி, ஆண்டாளோடு நடந்த தம் திருமணத்தைத் தெலுங்கில் பாடுமாறு பணித்தார் என்று ‘ஆமுக்தமால்யதா’ காவியமே கூறுகிறது. சூடிய மாலையைத் தந்தவள் என்பதே அப்பெயரின் பொருள். ஆறு ஆசுவாசங்கள் கொண்ட அந்நூலில் நாயகி தோன்றுவது ஐந்தாவதில்தான்! அதன் நடை கடினமானது எனப் பெயர் பெற்றது; ஆயினும் தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களுள் அதற்கு இடமுண்டு. அரசர் எழுதியிருக்க முடியாது, அல்லசானி பெத்தனாவே எழுதியிருக்க வேண்டும் என்று ஐயுற்றோரும் உண்டு. தெலுங்கு பேசும் இல்லங்கள் நிறைந்த இராஜபாளையத்தின் அருகே இக்காவியத்தின் களம் அமைந்திருந்தும், தமிழ் மேடைகளில் அது பேசப்படுவது குறைவே.

ஐயம் கோதையையும் விடவில்லை. ஆண்டாள் என்பவர் பெரியாழ்வாரின் கற்பனைப் படைப்பே என்னும் கருத்தை 1946இல் ‘திரிவேணி’ ஆங்கில இதழில் மூதறிஞர் இராஜாஜி முன்வைத்தார். ஆழ்ந்த வைணவப் பற்றுடையவரே அவர். அவ்வையத்தால் பாசுரங்களில் ஒரு சொல்லும் குறையவில்லை, பாடுவோரும் குறையவில்லை.

2018 சனவரி 7ஆம் நாள் இராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்னும் கட்டுரையை அரங்கேற்றினார். மறுநாள் அது தினமணியில் வெளிவந்தது. ஆங்கில ஆய்வு நூலொன்றிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய ஒரு கருத்து பக்தர்களைப் புண்படுத்தியது, போராட்டங்கள் நிகழ்ந்தன, கவிஞரும் நாளிதழும் வருத்தம் தெரிவித்தனர். கட்டுரையின் பெரும்பகுதி அப்பெண்ணின் தமிழைப் போற்றுவதாகவே இருந்தது. ஆயின் அந்த ஒற்றைக் கருத்தே கட்டுரை முழுவதற்கும் பெயராயிற்று. ஊராருக்கு அவள் ஏட்டில் வரும் பாத்திரம் அல்லள், வீட்டுப் பெண். எழுதுவோர் இதனை மறத்தல் ஆகாது. மேற்கோளின் உண்மையை ஆராய்ந்து, எழுத்தை எழுத்தால் மறுப்பதே மொழிக்கு நலம் என்பதை வாசகரும் மறத்தல் ஆகாது.

பிறநாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. செருமனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் நாட்டுக்கதைத் தொகுதியை வெளியிட்டபோது, குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்ற குறை எழுந்தது. பிந்தைய பதிப்புகளில் பல இடங்கள் திருத்தப்பட்டன. ஸ்நோ ஒயிட்டின் கொடிய தாய் 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். அங்கே உறுத்திய பகுதி மறைந்தது. இங்கோ உறுத்திய பகுதியே வழிபாடாயிற்று. ஆண்டாள் சூடிய மாலை இன்றும் வடபத்ரசாயிக்குச் சாத்தப்படுகிறது. சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருமலைக் கருட சேவைக்கும் செல்கிறது.

பழங்கதையை மீண்டும் சொல்லும் கவிஞர் ஒவ்வொருவரும் மாலையைத் தாம் ஒருமுறை சூடிய பின்னரே நம்மிடம் தருகின்றனர். பெரியாழ்வாரைப் போல முதலில் நாம் பதறலாம், தவறில்லை. மணம் அறிந்தபின் ஏற்பதோ, வாடியிருப்பின் காரணம் சொல்லித் திருப்பித் தருவதோ வாசகர் கடமை. பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டு வாழும் நம் வட்டத்தில் சூடுவோரும் பெருகட்டும்; இராமாநுசரைப் போலக் கடன் தீர்ப்போரும் பெருகட்டும்.