‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’: எதிர்ப்பின் வரலாறு

‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கத்தில் 1988 ஆகஸ்டில் வெளியான அமெரிக்கத் திரைப்படம். கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசான்சாகிஸின் நாவலைத் தழுவியது. சிலுவையில் தொங்கும் இயேசு, தாம் இறங்கிவந்து மணம் முடித்துப் பிள்ளைகுட்டிகளோடு முதுமை எய்துவதாக ஒரு காட்சி காண்கிறார். அது சாத்தானின் சோதனை என்று உணர்ந்ததும் சிலுவைக்கே திரும்புகிறார். எதிர்த்தவர்கள் அந்த மணவாழ்க்கையைப் பற்றிப் பேசிய அளவுக்குத் திரும்பி வந்ததைப் பற்றிப் பேசவில்லை.

நாவலை வத்திக்கான் 1954இல் தடைநூற் பட்டியலில் சேர்த்தது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கசான்சாகிஸைக் கண்டித்தது. நூலை எதிர்த்தது திருச்சபைத் தலைமை என்றால், படத்தை எதிர்க்க முதலில் கிளம்பியவர்கள் சாதாரண விசுவாசிகள். 1983இல் பாரமவுண்ட் நிறுவனம் படப்பிடிப்புக்கு ஆயத்தமானபோது எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. செலவும் ஏறிக்கொண்டிருந்ததால் நிறுவனம் படத்தைக் கைவிட்டது.

பின்னர் யுனிவர்சல் நிறுவனம் அதை எடுத்து முடித்தது. படம் நற்செய்தி நூல்களை அடிப்படையாகக் கொண்டதல்ல என்ற அறிவிப்பு தொடக்கத்திலேயே வந்தும் பயனில்லை. படச்சுருள்களை ஒப்படைத்தால் அழிப்பதற்காகத் தயாரிப்புச் செலவைத் திருப்பித் தருவதாக நற்செய்திப் பணியாளர் பில் பிரைட் முன்வந்தார். அரசியலமைப்பு தந்த உரிமை விற்பனைக்கல்ல என்று நிறுவனம் முழுப்பக்க விளம்பரத்தில் பதில் சொன்னது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் அதன் வளாகத்தின் முன் சுமார் 25,000 பேர் திரண்டனர். சில போராட்டங்களில் யூத வெறுப்பும் தலைகாட்டியது. கிறிஸ்தவர்கள் அனைவரும் ஒரே அணியில் நிற்கவில்லை. நியூயார்க்கின் எப்பிஸ்கோப்பல் பேராயர் பால் மூர் படத்தை ஆதரித்தார்.

பிரான்சில் எதிர்ப்பு வன்முறையானது. 1988 அக்டோபரில் பாரிஸின் சான் மிஷேல் திரையரங்குக்குக் கத்தோலிக்கத் தீவிரவாதிகள் தீ வைத்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். படத்தை முன்பே கண்டித்திருந்த பாரிஸ் கர்தினால் லுஸ்திஜே, தீ வைப்பையும் கண்டித்தார்.

சிலியில் வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. 1988இல் விதிக்கப்பட்ட தடையைத் தணிக்கைக் குழு 1996இல் நீக்கியபோது, வழக்கறிஞர்கள் சிலர் இயேசு கிறிஸ்துவின் பெயராலேயே மனுத் தாக்கல் செய்தனர். நீதிமன்றங்கள் அதை ஏற்று மீண்டும் தடை விதித்தன. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2001இல் அந்தத் தடை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது எனத் தீர்ப்பளிக்க, சிலி தன் அரசியலமைப்பிலிருந்து முன்தணிக்கையை நீக்கியது.

இயேசுவுக்கு மணமானதாகச் சொல்லும் ‘தி டா வின்சி கோட்’ படம் 2006இல் வந்தபோது அணுகுமுறையில் ஓரளவு மாற்றம் தெரிந்தது. வத்திக்கான் அதிகாரி ஆஞ்செலோ அமாத்தோ புறக்கணிக்கச் சொன்னார். அமெரிக்கச் சபைகள் பலவும் மறுப்பு நூல்களையும் விளக்கக் கூட்டங்களையும் நாடின. இந்தியாவில் தணிக்கை வாரியம், கதை கற்பனையே என்ற அறிவிப்போடு ‘ஏ’ சான்றிதழ் தந்தது. இருந்தும் கிறிஸ்தவ அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டித் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் தடை விதித்தன. தமிழ்நாட்டுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்தது.