எழவுச் செய்தியும் எழவு வீடும்

ராக்ஸ்பரி பகுதியில் நேற்றிரவு இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், போலீஸ் விசாரித்து வருகிறது. இப்படி ஒரு செய்தியைத் தொலைக்காட்சியில் வாசித்து முடிக்க எட்டு நொடி போதும். ஒன்பதாவது நொடியில் வானிலை வந்துவிடும். செத்தவனின் அம்மா அந்த ராத்திரியை எப்படிக் கழித்தாள், மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, இதெல்லாம் செய்தி இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இரவுச் செய்தி வாசித்த கறுப்பினப் பெண் ஒருவர், பிற்பாடு அதே ராக்ஸ்பரியில் ஒரு சபையின் போதகராகப் போய், செத்தவனின் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் பெயர் லிஸ் வாக்கர். எழவு சொல்லப் போவது வேறு, எழவு வீட்டில் உட்காருவது வேறு. நம்ம சனத்துக்கு இந்த வித்தியாசத்தை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வாக்கர் பிறந்த ஊர் ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக். 1957இல் அந்த ஊரின் மத்திய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேரப் போனபோது, ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலப் படையைக் கொண்டுவந்து வாசலை அடைத்தார். கடைசியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் பிள்ளைகளை வகுப்புக்குள் கொண்டுபோக முடிந்தது. அப்படியும் வெள்ளையருக்கு ஆத்திரம் தீரவில்லை. கறுப்பரோடு சேர்ந்து படிப்பதைவிடப் படிக்காமலே கிடக்கலாம் என்று, மறுவருஷம் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிகளையே இழுத்து மூடினார்கள். வாக்கர் அப்போது சின்னப் பிள்ளை. தொலைக்காட்சியும் சின்னப் பிள்ளைதான். பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக் கும்பல் கத்தியதை நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது. படம் பிடித்தவர், சேதி சொன்னவர், எதைக் காட்டலாம் எதை வெட்டலாம் என்று முடிவு செய்தவர் எல்லாரும் ஏறக்குறைய வெள்ளை ஆண்கள்.

இது எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் 'திறமை இருந்தது, முன்னுக்கு வந்தார்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு தொலைக்காட்சி நிலையம். அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு கறுப்பர்கள். ஆனால் திரையில் கறுப்பர் பேச ஆரம்பித்தால் 'கம்பிக் கோளாறு, வருந்துகிறோம்' என்று அட்டை வந்துவிடும். இதை எதிர்த்து 1964இல் வழக்காடப் போனது ஒரு கட்சியோ பத்திரிகையோ அல்ல. ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்பு அலுவலகம். முன்னால் நின்றவர் எவரெட் பார்க்கர் என்ற வெள்ளைப் போதகர், அவரோடு உள்ளூர்க் கறுப்பர்கள். 'கேட்பவருக்கும் பார்ப்பவருக்கும் இதில் என்ன பாத்தியதை?' என்று அரசு ஆணையம் தட்டிக் கழித்தது. பாத்தியதை உண்டு என்று 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1969இல் அந்த நிலையத்தின் உரிமம் போயிற்று. மற்ற நிலைய முதலாளிகளுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அதே 1969இல், நிலையங்கள் ஆள் எடுப்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்று விதியும் வந்தது.

நடுவில் 1967 கோடையில் டெட்ராய்ட், நியூவார்க் நகரங்கள் எரிந்தன. ஏன் எரிந்தன என்று ஆராயக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த கெர்னர் குழு 1968இல் அறிக்கை கொடுத்தது. செய்தித் துறையில் ஆசிரியர் குழு வேலைகளில் இருந்த கறுப்பர் 100க்கு 5 பேர்கூட இல்லை. ஆசிரியர், மேற்பார்வையாளர் பொறுப்புகளில் 100க்கு ஒருவர்கூட இல்லை, அந்தச் சிலரும் பெரும்பாலும் கறுப்பர்களே நடத்திய பத்திரிகைகளில்தான் என்று அது சொன்னது. எரிந்த தெருவுக்குள் வெள்ளை நிருபர் போக முடியவில்லை, அதனால்தான் கறுப்பு நிருபரைத் தேடினார்கள் என்று சொல்வதும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. கதவு திறந்தது தயவால் அல்ல. வழக்கும் நெருப்பும் திறந்த கதவு அது.

அந்தக் கதவு வழியாக வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் வாக்கர். மிச்சிகனில் ஆலிவெட் கல்லூரியில் படித்து, வேறு ஊர்களில் வேலை பார்த்து, 1980இல் பாஸ்டனின் டபிள்யூ.பி.இசட். தொலைக்காட்சிக்கு வந்தார். சீக்கிரமே ஜாக் வில்லியம்ஸோடு சேர்ந்து வாரநாள் இரவுச் செய்திக்கு உட்கார்ந்தார். பாஸ்டனில் அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண்.

பாஸ்டன் என்றால் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தொட்டில் என்று வரலாற்றுப் புத்தகம் சொல்லும். 1974இல் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்தத் தொட்டிலில்தான் கறுப்புப் பிள்ளைகள் போன பேருந்துகள் மேல் கல் விழுந்தது. 1976 ஏப்ரலில் நகர மன்றத்துக்கு வெளியே டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற கறுப்பின வழக்கறிஞரை நோக்கி ஒரு வெள்ளைப் பையன் தேசியக் கொடிக் கம்பத்தை ஈட்டி மாதிரி பாய்ச்சினான். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. நாலைந்து வருஷம் கழித்து அந்த நகரத்து வெள்ளை வீடுகளின் கூடத்தில் தினமும் ஒரு கறுப்பினப் பெண் வந்து சேதி சொன்னார். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பிள்ளை ஒன்று திரையில் நம் நிறத்தைப் பார்ப்பது எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

1987இல் வாக்கர் கர்ப்பமானார். கல்யாணம் ஆகவில்லை. மறைக்கவில்லை, வேலையை விட்டு ஓடவும் இல்லை, வயிற்றோடு செய்தி மேசையில் உட்கார்ந்தார். நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. கறுப்பினப் போதகர்களிலேயே சிலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள், இளம்பெண்களுக்கு இது என்ன முன்மாதிரி என்று. ஒரு சமூகத்தின் முதல் ஆள் என்று ஒருத்தியை உயரத்தில் நிறுத்திய மறுநாளே, அவள் சேலை விலகுகிறதா என்று கீழே நின்று பார்க்கிற வேலை அது. வெள்ளைக்காரனிடம் கெட்ட பேர் வாங்கிவிடக் கூடாதே என்கிற பயத்தைப் பெண்களின் வயிற்றில் இறக்கி வைக்கிறார்கள். இதில் நிறத்துக்கு நிறம், சாதிக்குச் சாதி பெரிய வேறுபாடு ஒன்றும் காணோம். மகன் பிறந்தான். வாக்கர் வேலையில் தொடர்ந்தார்.

1989 அக்டோபர் 23 இரவு. சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையர் காரிலிருந்து போலீசுக்குப் பேசினார்: ஒரு கறுப்பன் தன்னையும் கர்ப்பிணி மனைவியையும் சுட்டுவிட்டான். மனைவி கேரல் இறந்தார், அறுவை செய்து எடுத்த குழந்தையும் சில நாளில் இறந்தது. போலீஸ் ராக்ஸ்பரியை ஒட்டிய மிஷன் ஹில் குடியிருப்புகளில் புகுந்தது. கறுப்பு இளைஞர்களைத் தெருவில் நிறுத்தி, கால்சட்டையை அவிழ்த்துச் சோதித்தார்கள். வில்லி பென்னட் என்பவரைப் பிடித்துவைத்து அடையாள அணிவகுப்பு நடத்தியபோது, இவன்தான் மாதிரி இருக்கிறது என்றார் ஸ்டூவர்ட். பத்திரிகைகளும் நகரத்தின் எல்லாத் தொலைக்காட்சி நிலையங்களும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. 1990 ஜனவரியில் ஸ்டூவர்ட்டின் தம்பியே உண்மையைச் சொன்னார். மறுநாள் ஸ்டூவர்ட் டோபின் பாலத்திலிருந்து குதித்துச் செத்தார். கொன்றது புருஷன். கறுப்பன் என்று ஒருவன் இருக்கவே இல்லை. சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட பென்னட், ஆலன் ஸ்வான்சன் இருவரிடமும் நகர மேயர் மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். 34 வருஷம்!

அந்த நகரத்தின் பெரிய நிலையம் ஒன்றில் அப்போது கறுப்பு முகம் இருந்தது. இருந்தும் பொய் தடையில்லாமல் ஓடியது. வாக்கரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எந்தச் செய்தி முதலில், யாரிடம் கேட்டு எழுதுவது, போலீஸ் சொன்னதைச் சந்தேகப்படலாமா, இந்த முடிவெல்லாம் எடுக்கிற அறை வேறு. முகத்தைக் கொடுத்துவிட்டு அந்த அறையின் சாவியைக் கொடுக்காமல் இருக்கலாம், கொடுக்காமல் இருந்தார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. பாஸ்டன் குளோப் நாளிதழ் அந்த நகரத்தின் நிறவெறி பற்றி எழுதிய தொடருக்கு 1984இல் புலிட்சர் பரிசு வாங்கியது. அந்தக் குழுவில் இருந்த கறுப்பின நிருபர் கென்னத் கூப்பர், 1990களில் வாஷிங்டன் போஸ்ட்டின் நிருபராக தில்லியில் இருந்தார். இந்திய இதழ்களில் தலித் பத்திரிகையாளர் ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்டு அலைந்தவர் அவர். அந்தக் கேள்வியால் உறுத்தப்பட்டு பி.என். உனியால் தேடிப் பார்த்து, ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 1996 நவம்பரில் பயனியர் இதழில் எழுதினார். நமக்கு இங்கே கிடைத்த கேள்வி பாஸ்டன் தெருக்களில் பழகிய ஒருவர் கேட்டது.

வாக்கர் கதைக்கு வருவோம். 2001இல் அவர் தெற்குச் சூடானுக்குப் போனார். குளோரியா வைட்-ஹேமண்டும் உடன் போனார். அவர் பாஸ்டனில் குழந்தை மருத்துவர், பெத்தேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் போதகரும்கூட. சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கிராமங்களைத் தாக்கிப் பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அடிமைகளின் பேத்திகள் இருபத்தோராம் நூற்றாண்டில் அடிமைகளைக் கண்ணெதிரே பார்த்தார்கள். திரும்பி வந்து 'என் சகோதரியின் காவலாளி' என்று ஒரு அமைப்புத் தொடங்கினார்கள். காயீன் கேட்ட கேள்வியைப் பெண்பாலில் திருப்பிப் போட்ட பெயர். அகோன் என்ற ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

அந்த வருஷங்களில் வாக்கர் ஹார்வர்டு இறையியல் பள்ளியில் படித்தார், 2005இல் பட்டம் வாங்கினார். கறுப்பினப் பெண்ணுக்குப் பிரசங்க மேடை சும்மா கிடைத்ததல்ல. வெள்ளையர் சபையில் அவமானப்பட்டு வெளியேறிய ரிச்சர்ட் ஆலன்தான் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையைக் கட்டியவர். 1809இல் ஜரீனா லீ என்ற பெண் அவரிடம் வந்து, பிரசங்கம் பண்ண எனக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றபோது, சபை விதியில் இடமில்லை என்றார். அவமானம் தெரிந்த மனுஷர்! சில வருஷம் கழித்து மனம் மாறிப் பேச அனுமதித்தார், ஆனால் குருப்பட்டம் கிடையாது. அந்தச் சபை பெண்களுக்கு முழு குருப்பட்டம் தர 1960 ஆயிற்று. முதல் பெண் பேராயர் வஷ்டி மெக்கென்சி 2000இல் வந்தார். அவரும் வானொலியில் வேலை பார்த்துவிட்டுச் சபைக்கு வந்தவர் என்பது தற்செயலா தெரியவில்லை.

2008இல் தொலைக்காட்சியை விட்ட வாக்கர், 2011இல் ராக்ஸ்பரி பிரஸ்பிட்டேரியன் சபையின் பொறுப்பை ஏற்றார். மால்கம் எக்ஸ் இளவயதில் திரிந்த பகுதி அது. அவர் வருவதற்கு முந்தின வருஷம் அந்தச் சபைக் குடும்பத்து இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அங்கே துக்கம் வீட்டுக்கு வீடு உண்டு, விசாரிக்க வருகிறவர்தான் இல்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம்பட்டார்கள். நியாயமாகவே நகரம் அவர்களை ஓடி அணைத்துக்கொண்டது. சில மாதத்துக்குள் 6 கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதே நகரத்தில் ராக்ஸ்பரித் தாய்க்கு வருவது போலீஸ்காரர், அப்புறம் கேமராக்காரர். மகன் எந்தக் கும்பலில் இருந்தான் என்கிற கேள்வி கூடவே வரும்.

அந்தச் சபையில் வாக்கரும் மற்றவர்களும் ஆரம்பித்ததற்குப் பெயர் 'நாம் பேசலாமா?'. செய்முறை ரொம்ப எளிசு. முதலில் சாப்பாடு. பாட்டு இருக்கும். பிறகு யாராவது எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்வார். மகனை இழந்தவள், சிறைக்குப் போய் வந்தவன், போதையில் கிடந்து மீண்டவன், யாரும். மற்றவர்கள் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்வதில்லை, சரிசெய்கிறேன் என்று கிளம்புவதில்லை. பிரசங்க மேடையும் செய்தி மேசையும் ஒருத்தர் பேசி மற்றவர் கேட்கிற ஏற்பாடு. இரண்டிலும் உட்கார்ந்தவர் இங்கே எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது வருஷம் யாரைப் பற்றிச் செய்தி வாசித்தாரோ அவர்கள் தங்கள் வாயால் சொன்னார்கள், எட்டு நொடிக் கணக்கு இல்லாமல். மனநல மருத்துவம் தெரிந்தவர்களும் கூட இருந்தார்கள். இதனால் கொலை நின்றுபோனதா என்று கேட்டால், இல்லை. துப்பாக்கி விற்கிறவனையும், வீட்டு வாடகையை ஏற்றி ராக்ஸ்பரிச் சனத்தைத் துரத்துகிறவனையும் கூட்டு ஜெபம் என்ன செய்யும்? அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் துக்கத்தை வாயில் அடைத்துவைத்தவர்கள் எழுந்து போராடியதாகவும் நான் கண்டதில்லை.

அந்தக் கூட்டம் ராக்ஸ்பரியைத் தாண்டி வேறு சபைகளுக்கும் பரவியது. பத்து வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்துவிட்டு வாக்கர் சபைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2025இல் அவர் எழுதிய புத்தகம் வந்தது. தொலைக்காட்சியில் பேர் வாங்கியவர் எழுதினால் பெரிய மனிதர்களைப் பேட்டி எடுத்த கதைதான் வரும் என்று எதிர்பார்ப்போம். இது அந்தச் சபைக் கூடத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்து பேசியவர்களைப் பற்றியது. 'யாரும் தனியாக விடப்படவில்லை' என்று பெயர்.