அரையணாவின் தூரம்

செங்கல்பட்டில் அடுத்த தெருவுக்குப் போகும் கடிதத்துக்கும், சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்தை ஒட்டிய கொக்கிலமேட்டு மீனவர் குப்பத்துக்குப் போகும் கடிதத்துக்கும் ஒரே தபால்தலைதான். இது நமக்கு வெகு இயல்பாகப் படுகிறது. ஆனால் ஒரு காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

கூலிக்குக் கடிதம் சுமக்கும் உரிமையை 1837ஆம் வருஷச் சட்டம் கம்பெனி சர்க்காருக்கு மட்டும் ஆக்கிற்று. அப்போது தூரத்துக்குத் தக்கபடி கட்டணம். 1854ல் கால் தோலாக் கடிதத்துக்கு, இந்தியாவுக்குள் எங்கு போனாலும், அரையணா என்றாயிற்று. சர்க்காரின் அக்கறை நிர்வாகமும் வியாபாரமும். ஆனாலும் அரையணாவோடு ஒரு சமத்துவம் உள்ளே வந்துவிட்டது. பின்னாளில் கிராமத் தபால் விரிந்தபோது, நகரங்களில் மிஞ்சிய காசு கடற்கரைக்கு ஒற்றைக் கடிதத்தோடு போனவனின் சம்பளத்துக்கு உதவிற்று.

1898ஆம் வருஷச் சட்டத்தின் நான்காம் பிரிவு இந்த ஏகபோகத்தை உறுதிப்படுத்தியது. வழிப்போக்கராகச் செல்லும் நண்பர் கூலி வாங்காமல் கொண்டுபோகும் கடிதம் போன்ற சில விலக்குகள் உண்டு. உரிமை இப்படிச் சட்டத்தில் எழுதப்பட்டது. குப்பம்வரை போயாக வேண்டும் என்ற கடமை தனிப் பிரிவாக எழுதப்படவில்லை, பழக்கமாகவே இருந்துவந்தது.

1980களில் கூரியர்கள் பெருகின. கடிதத்துக்கு ‘டாகுமெண்ட்’ என்று பெயர் சூட்டிப் பிரிவைத் தாண்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது லாபமுள்ள நகரத் தடங்களை. 1986ல் அரசும் ஸ்பீட் போஸ்ட் தொடங்கிற்று. 2023ஆம் வருஷத் தபால் சட்டம் 2024 ஜூன் 18ல் அமலுக்கு வந்தபோது, தபால்தலை வெளியிடும் தனியுரிமைதான் மிஞ்சியது. யாரும் அழவில்லை. ஏகபோகம் செத்து வெகுநாளாகியிருந்தது.

கடமை என்னவாகும்? டென்மார்க்கில் எங்கும் கடிதம் சேர்க்கும் சட்டக்கடமை 2024ல் நீங்கியது. 2025 முடிவில் போஸ்ட்நார்ட் அங்கே கடிதம் பட்டுவாடா செய்வதையே நிறுத்திவிட்டது. இங்கே சுமார் 1,64,000 தபால் நிலையங்கள், பத்தில் ஒன்பது கிராமங்களில், இன்னும் நிற்கின்றன. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டில் கரைந்துவிட்டது. ஸ்பீட் போஸ்டில் உள்ளூருக்கு ஒரு விலை, வெளியூருக்கு வேறு விலை. 1854ல் வெளியேறிய தூரம், ஓசையில்லாமல், இந்த வாசல் வழியாகத் திரும்பியிருக்கிறது.

சாதாரணத் தபாலில் அரையணாவின் நியாயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிலநூறு பிரதிகள் அச்சாகும் நம் பத்திரிகைகள் கல்பாக்கத்தில் ஒரே ஒரு வாசகரைப் போய்ச் சேர்வதும் அதனால்தான். சட்டத்தில் இருந்ததை ஒழிக்க இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பழக்கத்தை நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும்.