32 வோல்ட்: கம்பி வராத வீடுகளின் கதை

இந்த எபிசோடை ஒரு சின்னக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வீட்டில் ராத்திரி எரிவது நாலு பல்பு. ஒவ்வொன்றும் 25 வாட். மொத்தம் 100 வாட். கரண்ட் கம்பி கிடையாது, அதனால் ஒரு இன்ஜினை வைத்து ஜெனரேட்டர் ஓட்டுறீங்கன்னு வைச்சுக்கங்க. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ரொம்பச் சின்ன இன்ஜின்கூட இந்த நாலு பல்புக்குப் பெரிசு. சுமை குறைஞ்சா இன்ஜின் குடிக்கிற எண்ணெய் அதே அளவுக்குக் குறையாது. அது பாட்டுக்கு உறுமிக்கிட்டே இருக்கும். கடைசி ஆள் படுக்கிற வரைக்கும் ஓடணும். நடுராத்திரி குழந்தை அழுதால் யாராவது எழுந்து போய் மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்.

அதனால்தான் நடுவில் பேட்டரி வந்தது. அறுவடை முடிந்ததும் நெல்லை ஒரே மூச்சில் அடித்து, பத்தாயத்தில் கொட்டிவிட்டு, அப்புறம் தினமும் வேண்டியதை மட்டும் அளந்து எடுக்கிறோம் இல்லையா, அதே வேலைதான். வாரத்தில் சில மணி நேரம் இன்ஜினை முழுச் சுமையில் ஓட்டி பேட்டரிகளை நிரப்பு. மற்ற நேரமெல்லாம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள். உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இதே பத்தாயம்தான், என்ன, அதை நிரப்புவது மின்வாரியம்.

இந்த யோசனையை வைத்து அமெரிக்காவின் கிராமங்கள் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை காலம் வாழ்ந்தன. மின்சார வரலாறு படிக்க ஆரம்பித்தபோது எனக்கு இது யாரும் சொல்லாத அத்தியாயமாகத் தெரிந்தது. நம்ம பாடப்புத்தகத்தில் எடிசன் வருவார், பல்பு வரும், அடுத்த பக்கத்தில் உலகமே வெளிச்சமாகிவிடும். நிஜத்தில் 1930களின் நடுவில், அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு மின்சாரம் இருந்தபோது, பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. தனியார் மின் நிறுவனங்களின் கணக்கு எளிமையானது. நகரத்தில் ஒரு மைல் கம்பி இழுத்தால் வரிசையாக வீடுகள். கிராமத்தில் அதே ஒரு மைலுக்கு இரண்டு மூன்று பண்ணை. லாபம் இல்லை, அதனால் வரமாட்டோம். வேணும்னா கம்பி போடுற செலவை நீங்களே கொடுங்க.

இந்த இடத்தில்தான் சார்லஸ் கெட்டரிங் வருகிறார். 1876இல் ஒஹையோ மாநிலத்தில், லௌடன்வில் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் பிறந்தவர். கண் கோளாறால் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு, திரும்பப் போய் 1904இல் முடித்தவர். பிறகு டேட்டன் நகரத்தில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை. கடைக்காரர் கையால் சுற்றுகிற பெட்டியில் ஒரு மின் மோட்டாரைப் பொருத்த வேண்டும், ஆனால் இடம் கொஞ்சம்தான். கெட்டரிங் யோசித்தது இது: கல்லாப்பெட்டி நாள் முழுக்கச் சுற்றப் போவதில்லை. ஒரு விநாடி வேலை, அப்புறம் ஓய்வு. அப்படியென்றால் சின்ன மோட்டாரைக் கொஞ்ச நேரம் தாங்கமுடியாத அளவுக்கு வேலை வாங்கலாம், சூடேறுவதற்குள் நிறுத்திவிடலாம்.

அதே யோசனையை அவர் காருக்குக் கொண்டுபோனார். அப்போதைய கார்களை முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணணும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். கார் உற்பத்தியாளர் பைரன் கார்ட்டர் அப்படி ஒரு அடி வாங்கி, அதன் பின்விளைவில் இறந்துபோனதாகவும், அவருடைய நண்பரான கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் அந்தத் துக்கத்தில்தான் கெட்டரிங்கிடம் போனதாகவும் ஒரு கதை உண்டு. சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறிய கதை, அப்படியே எடுத்துக்கங்க. 1912 மாடல் கேடிலாக்கில் மின் ஸ்டார்ட்டர் வந்தது என்பது உறுதி. அதில் இருந்த தந்திரம், ஒரே இயந்திரம் இரண்டு வேலை பார்த்தது. பேட்டரி அதற்குக் கரண்ட் கொடுத்தால் மோட்டாராக இன்ஜினைச் சுற்றிவிடும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே இயந்திரம் ஜெனரேட்டராகி, பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

இப்போ காரிலிருந்து சக்கரங்களைக் கழட்டிட்டு யோசிச்சுப் பாருங்க. ஒரு இன்ஜின், அதோடு ஒட்டிய ஜெனரேட்டர், பக்கத்தில் பேட்டரி. அதுதான் 1916இல் விற்பனைக்கு வந்த டெல்கோ-லைட். ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின். மண்ணெண்ணெயில் ஓடும். பரவலாக விற்ற மாடல் 750 வாட். கூடவே கண்ணாடி ஜாடிகளில் 16 ஈய-அமில செல்கள். ஒரு செல்லுக்கு 2 வோல்ட், 16க்கு 32 வோல்ட். அடித்தளத்திலோ கொட்டகையிலோ வைத்துவிட்டு ஒரு சுவிட்சை அழுத்தினால் போதும், பேட்டரியே இன்ஜினை எழுப்பிவிடும்.

ஏன் 32? நான் முதலில் இதை ஏதோ தற்செயலான எண் என்று நினைத்துப் படித்தேன். உண்மையில் அது ஒரு சமரசம். செல் ஒவ்வொன்றும் காசு, அதனால் எண்ணிக்கையைக் குறைக்கணும். ஆனால் வோல்ட் குறையக் குறைய, அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும். 750 வாட்டை 32ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 23 ஆம்பியர். அதைக் கொண்டுபோகத் தடிமனான செம்புக் கம்பி வேணும். வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே இருக்கிற தூரத்திலேயே வோல்ட் கரைந்துபோய் பல்பு மங்கும். ரயில் பெட்டிகளிலும் படகுகளிலும்கூட இதே 32 புழங்கியது. ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பண்ணைகளில் இன்னும் பல வருஷம் தாக்குப்பிடித்தது.

பேட்டரியைப் பராமரிப்பது ஒரு தனிக் கலையாக இருந்தது. கண்ணாடி ஜாடி என்பதால் உள்ளே தகடு எப்படி இருக்கிறது, அடியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அமிலத்தின் அடர்த்தியை மிதவைக் கருவியில் அளப்பார்கள். நிறைந்த பேட்டரியில் அடர்த்தி அதிகம், காலியானதில் குறைவு. குறைந்த நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பேட்டரி மெதுவாகச் சாகும். அதிகமாக ஏற்றினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழியிடும். மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும். ஒரு விவசாயி தன் மாட்டின் சாணத்தைப் பார்த்தே உடம்பைக் கண்டுபிடிப்பது மாதிரி, குமிழியைப் பார்த்தே பேட்டரியின் நிலைமையைச் சொல்லிவிடுகிற ஆட்கள் இருந்தார்கள்.

ஆனா டெல்கோ-லைட் எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஒரு ஃபோர்டு மாடல் டி காருக்குப் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டிய விலை. பெரும்பாலான குடும்பங்கள் காரைத்தான் வாங்கின. அங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி ஆரம்பிக்குது.

வரலாற்றாசிரியர் ரொனால்டு கிளைன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். விவசாயிகள் காரை வெறும் காராகப் பார்க்கவில்லை. சக்கரம் வைத்த இன்ஜினாகப் பார்த்தார்கள் என்கிறார். பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதில் ஒரு பெல்ட்டை மாட்டி, துணி துவைக்கிற இயந்திரத்தை ஓட்டினார்கள், தானியம் அரைத்தார்கள், விறகு அறுத்தார்கள். 1919 முதல் மாடல் டியிலும் ஸ்டார்ட்டரும் 6 வோல்ட் ஜெனரேட்டரும் வர ஆரம்பித்தன. 1920இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து கேடிகேஏ வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. அந்த பத்தாண்டில் ரேடியோ கிராமத்துக்குள் வந்தது. ரேடியோ வால்வுகளைச் சூடாக்க ஒரு 6 வோல்ட் பேட்டரி வேணும். அது தீர்ந்தால் டவுனில் இருக்கிற கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போகணும், அமிலம் தளும்பத் தளும்ப. இல்லையென்றால் காரின் பேட்டரியைக் கழட்டிக்கொண்டு வந்து பாட்டுக் கேட்கணும், காலையில் திரும்ப மாட்டணும்.

அப்போ வீட்டிலேயே சார்ஜ் பண்ணினா என்ன? பழைய வண்டிச் சந்தையில் உடைந்த கார்கள் சேர ஆரம்பித்திருந்தன. அதிலிருந்து ஒரு ஜெனரேட்டர். இன்ஜினுக்குப் பஞ்சமில்லை: தண்ணீர் இறைக்கும் கனமான பண்ணை இன்ஜின், அல்லது மேடேக் கம்பெனி மின்சாரமில்லாத வீடுகளுக்காக வாஷிங் மெஷினுக்கு அடியில் பொருத்தி விற்ற, பெடலை மிதித்து ஸ்டார்ட் பண்ணுகிற குட்டி பெட்ரோல் இன்ஜின். இரண்டையும் ஒரு பலகையில் பூட்டி, நடுவில் ஒரு பெல்ட். பண்ணை இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஜெனரேட்டர் வேகமாகச் சுற்றினால்தான் கரண்ட் தரும். அதனால் இன்ஜின் பக்கம் பெரிய புல்லி, ஜெனரேட்டர் பக்கம் சின்னது. அவ்வளவுதான் இயந்திரம்.

அவ்வளவுதானா? இல்லை. பலகையில் பூட்டிய ஆள் முதலில் கற்றுக்கொள்கிற பாடம், இன்ஜினை நிறுத்தியதும் வரும். இத்தனை நேரம் ஏற்றிய கரண்ட் திரும்பி ஓடிவந்து ஜெனரேட்டரை மோட்டாராகச் சுற்ற முயற்சிக்கும். டெல்கோ-லைட்டில் இன்ஜினை எழுப்பிய அதே குணம், இங்கே பேட்டரியைக் காலி பண்ணுகிற திருடன். அதற்காக கட்-அவுட் என்று ஒரு சின்ன ரிலே. கார் ஜெனரேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். ஜெனரேட்டரின் வோல்ட் பேட்டரியைவிட ஏறினால் இணைக்கும், கரண்ட் திரும்பினால் துண்டிக்கும்.

அடுத்தது, ரொம்ப நாள் சும்மா கிடந்த ஜெனரேட்டர் சுற்றினாலும் கரண்ட் தராது. அதன் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்திலிருந்துதான் அது தன்னைத்தானே எழுப்பிக்கொள்ள வேண்டும். அந்த மிச்சம் போயிருந்தால் ஒரு நொடி பேட்டரியைத் தொட்டுக் காந்தத்தை ஞாபகப்படுத்தணும். மூன்றாவது, அந்தக் கால கார் ஜெனரேட்டரில் மூன்றாவதாக ஒரு பிரஷ் இருக்கும். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் ஆம்பியர் கூடும் குறையும். ஆனால் பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று அது பார்க்காது. 10 ஆம்பியர் என்று வைத்தால் நிறைந்த பிறகும் கிட்டத்தட்ட அதையே தள்ளிக்கொண்டிருக்கும். மனிதன்தான் பக்கத்தில் இருந்து பார்த்து நிறுத்தணும்.

வாய்வழியாகப் போன இந்த அறிவு அச்சிலும் வந்தது. மினியாபொலிஸ் நகரத்தின் லீஜே என்ற கம்பெனி வெளியிட்ட கையேட்டில், பழைய கார் ஜெனரேட்டரைப் பிரித்து, மெல்லிய கம்பியில் கூடுதல் சுற்றுகள் சுற்றி 32 வோல்ட்டுக்கு மாற்றுவது எப்படி என்று படம் போட்டிருந்தார்கள். இன்ஜினுக்குப் பதிலாகக் காற்றாடியில் அதை மாட்டுவதற்கும் வரைபடம் இருந்தது. எண்ணெய்க்குக் காசு இல்லாத பொருளாதார மந்த காலத்தில் சமவெளி மாநிலங்களில் காற்றாடிகள் பரவின.

இதைக் கேட்கும்போது, “பாருங்க, அரசாங்கமும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், தன் கையே தனக்கு உதவி” என்று கைதட்டத் தோணும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இந்தச் சின்ன மின்சாரம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று பார்க்கணும். வெளிச்சம் தந்தது. ரேடியோ தந்தது. இரண்டும் ஆண்கள், பெண்கள் எல்லாருக்கும்தான். ஆனால் பண்ணை வீட்டில் உடம்பை ஒடித்த வேலை எது? தண்ணீர் சுமப்பது, துணி துவைப்பது, இஸ்திரி போடுவது. டெக்சாஸின் மலைநாட்டுப் பகுதியில் மின்சாரம் வருவதற்கு முன் பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று ராபர்ட் காரோ எழுதிய பக்கங்களைப் படித்தால் கை வலிக்கும். விறகு அடுப்பில் சூடாக்கிய கனமான இரும்புகளை மாற்றி மாற்றி, கோடையில் அடுப்பு எரிகிற அறையிலேயே நின்று தேய்த்திருக்கிறார்கள். 32 வோல்ட்டில் இஸ்திரிப்பெட்டி விற்றார்கள்தான். ஆனால் 500 வாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல்; தேய்க்கிற நாளில் இன்ஜினையும் சேர்த்து ஓட்டணும். ரேடியோ சார்ஜருக்கு அதெல்லாம் கனவு. தெற்கு மாநிலங்களில் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பங்களுக்கு, அதில் நிறையப் பேர் கறுப்பினத்தவர், பழைய ஜெனரேட்டர்கூட எட்டாத பொருள்.

1935 மே 11ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவு போட்டு கிராமப்புற மின்மயமாக்கல் நிர்வாகத்தை உருவாக்கினார். அடுத்த வருஷம் அது சட்டமானது. கம்பெனிகள் பெரிதாக ஆர்வம் காட்டாததால், விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் குறைந்த வட்டிக் கடனில் கம்பி இழுத்தார்கள். 1950களின் நடுவுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பண்ணைக்கும் மின்சாரம் வந்துவிட்டது.

கிளைன் சொல்கிற ஒரு விஷயம் இங்கே சுவாரசியம். கம்பி வந்த பிறகும் நிறைய வீடுகள் அதிகாரிகள் எதிர்பார்த்த அளவுக்குக் கரண்ட் செலவழிக்கவில்லை. விளக்கு, ரேடியோ, இஸ்திரி, போதும் என்று இருந்தார்கள். அதிகாரிகளுக்கு இது பழமைவாதமாகத் தெரிந்தது. எனக்கு இப்படித் தோணுது: ஒவ்வொரு ஆம்பியரையும் குமிழி பார்த்து அளந்தவர்களுக்கு, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் கணக்குப் போடுகிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

32 வோல்ட் சாமான்கள் ஒரே நாளில் செல்லாக்காசாயின. அந்த பல்பைப் புது 110 வோல்ட்டில் மாட்டினால் ஒரு மின்னல், அவ்வளவுதான். டெல்கோ-லைட் தயாரிப்பு 1940களின் இறுதியில் நின்றது. இன்ஜின்களைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடி ஜாடிகள் பழம்பொருள் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. பூச்சாடியாகவும் மீன்தொட்டியாகவும் வாங்கிப் போகிறார்கள்.