ஊரார் காத்த ஏரியும் ஊரார் வளர்த்த அன்னமும்

ஆலயங்களில் மகா கும்பாபிஷேகத்தை முன்னிட்டு நிகழும் கிரியைகளுள் மிருத்சங்கிரகணம், அங்குரார்ப்பணம் என்னும் இரண்டும் சிறப்புடையன. தூயதோர் இடத்தில் பூமிதேவியை வணங்கி மண்ணெடுத்தல் முன்னது. அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு நவதானியங்களை முளைப்பித்தல் பின்னது. யாகசாலைப் பூசைகள் தொடங்குவதற்கு முன்னரே ஒரு பிடி மண்ணும் ஒரு பிடி விதையும் அங்கே வழிபடப் பெறுகின்றன. விமானத்தின் உச்சியில் நிறுவப்பெறும் கலசங்களினுள்ளும் வரகு முதலிய தானியங்களை நிரப்பும் வழக்கம் உண்டு. அடுத்த குடமுழுக்கின்போது பழையதை நீக்கிப் புதியதை இடுவர். கோயிலும் கழனியும் ஒரே தருமத்தின் இரு கூறுகள் என்பதை ஆன்றோர் இவ்வாறு கிரியையிலேயே பதித்து வைத்தனர்.

அடியார்க்கு அமுது படைத்தலையே வாழ்வின் பயனாகக் கொண்ட இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு அன்பர் யாவரும் அறிந்ததே. செல்வம் சுருங்கிய காலத்து, மழை பொழியும் இரவில் வந்த அடியவருக்கு உணவளிக்க, அன்று பகலில் விதைத்த நெல்முளையை வாரி வந்து, கொல்லையிலிருந்த கீரையையும் பறித்து அமுதாக்கினார் அப்பெருந்தகை. அமுது படைக்கும் கைக்கு ஒரு வயலும் ஒரு கொல்லையும் வேண்டும் என்னும் உண்மை அவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது. அதனைப் பாடிய சேக்கிழார் பெருமான் தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் தோன்றியவர். தம் நாட்டின் நிலவளத்தைத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் விரித்துரைத்தவர். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே அமைந்த ஊரப்பாக்கமும், அதனைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையும் அத்தொண்டை நாட்டின் பகுதியே. இந்நாட்டில் ஊர் கூடி உணவு விளைவித்த முறைமை எவ்வாறு செழித்தது, எவ்வாறு தளர்ந்தது என்பதை அறிதல் திருப்பணி செய்யும் அன்பர்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

ஏரிகளால் ஆகிய நாடு

சோழ நாட்டிற்குக் காவிரி வாய்த்ததுபோலத் தொண்டை நாட்டிற்கு ஒரு பேராறு வாய்க்கவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பொழியும் மழையைத் தேக்கினாலன்றி இங்கு நெல் விளையாது. மழை பொய்த்த ஆண்டில் காஞ்சி மாநகரமே பசியால் வாடியதையும், மணிமேகலை அமுதசுரபியுடன் அங்குச் சென்று உயிர்களைக் காத்ததையும் மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. அமுதசுரபி ஒன்றே, அதுவும் ஒருமுறையே கிட்டியது. ஏனைய காலமெல்லாம் இந்நாட்டு மக்களுக்கு அமுதசுரபியாக இருந்தவை ஏரிகளேயாம்.

நிலத்தின் சரிவை நன்குணர்ந்து, அதன் குறுக்கே பிறைமதி போன்று கரையெடுத்து முன்னோர் ஏரி கண்டனர். மதகு வழியே நீர் கழனிக்குப் பாய்ந்தது; மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஊரின் ஏரியை நிரப்பிற்று. ஓர் ஊரார் தம் ஏரியைத் தூரவிட்டால் அடுத்த ஊராரும் வாடுவர். ஓர் ஊரின் கரை உடைந்தால் கீழுள்ள ஊரின் கரைக்கும் கேடு சூழும். ஆகவே தனித்து வாழ இந்நிலம் எவரையும் விடவில்லை. ஏரி நிரம்பினால் சம்பாவும், பின்னர் நவரையும், நீர் எஞ்சினால் சொர்ணவாரியும் விளைந்தன. கோடையில் அள்ளிய வண்டலே கழனிக்கு எருவாயிற்று.

ஏரி உள்ள இடத்தே கோயிலும் எழுந்தது. கி. பி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து திருமாலுக்கு ஆலயம் எடுத்தான். அவ்வாலயம் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்பதை அங்குள்ள சாசனம் தெரிவிக்கின்றது. ஏரியைப் பேணுவதற்கென்றே ஒதுக்கிய நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப் பெயர் பெற்றது. பொன் வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் வாருமாறு நிவந்தம் அளித்தோரும் பலர். நந்தா விளக்கு ஏற்றுதலும் ஏரியில் தூர் எடுத்தலும் அந்நாளில் ஒரு தன்மைத்தான அறங்களாகவே கருதப்பெற்றன.

தோட்ட வாரியமும் ஏரி வாரியமும்

இவ்வறத்தை ஊரார் எவ்வாறு நடத்தினர் என்பதற்கு உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களே சான்று. முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலை எடுப்பித்தனர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் 12 பேர் சம்வற்சர வாரியமாகவும், 12 பேர் தோட்ட வாரியமாகவும், 6 பேர் ஏரி வாரியமாகவும் அமைந்தனர். வாரியத்தின் காலம் 360 நாள்.

குடவோலை முறையைப் புகழ்வோர் பலர். எனினும் அச்சாசனத்தின் உள்ளீடு ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வாரியங்களுள் தலைமை வாய்ந்தது சம்வற்சர வாரியம். முப்பதின்மருள் முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களையுமே அதற்குக் கொண்டனர். ஊரை ஆள வருபவன் முதலில் தோட்டத்தையும் நீரையும் பேணி அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பெயர் எழுதப் பெறார். கடந்த மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. பொதுப்பணி ஒருவர் கையில் தேங்கிச் சேறாகாமல் ஓடும் நீராக இருத்தல் வேண்டும் என்று சபையார் கருதினர் போலும்.

களத்து மேட்டில் வகுத்த பங்கு

விளைந்த நெல்லைப் பகிர்ந்த முறையும் கருதத் தக்கது. கும்பினியார் 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றனர். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பார் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஓலைகளில் எழுதப்பெற்ற அந்த ஊர்க் கணக்குகளால் அக்கால நடைமுறை விளங்குகின்றது. குவியல் வீட்டிற்குப் போகுமுன் களத்து மேட்டிலேயே கோயிலுக்கும், ஏரிக்கும், கணக்கருக்கும், தலையாரிக்கும், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் முதலியோருக்கும் உரிய பங்கு பிரிக்கப்பட்டது. நிலத்திலும் பொதுமை இருந்தது. காணியாட்சிக்காரர் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கழனிகளை மாற்றிக்கொள்ளும் ‘கரையீடு’ என்னும் வழக்கம் தொண்டை மண்டலத்து ஊர்கள் பலவற்றில் நிலவியது. மதகடி நிலமும் கடைமடை நிலமும் ஒருவருக்கே என்றும் நிலைத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து.

இம்முறைமையில் குறை இல்லாமலில்லை. உத்தரமேரூர்ச் சபை வேதம் வல்ல நிலவுடைமையாளரின் சபையே. பெண்டிருக்கும் உழுகுடிகளுக்கும் அதில் இடமில்லை. சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் பலர் தமக்கென ஒரு சாண் நிலமின்றிப் பண்ணையாட்களாகவே தலைமுறைகளைக் கழித்தனர். செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் அவர்தம் நிலையை விரித்து எழுதிய அறிக்கையின் பயனாகவே, 1892-இல் பஞ்சமர்க்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. தாம் விளைத்த நெல் நைவேத்தியமாகும் சந்நிதியில் நின்று வழிபடும் உரிமையும், சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டத்தால் 1947-இல்தான் அவர்களுக்கு உறுதியாயிற்று. அன்னம் யாவர்க்கும் பொதுவாயின் அதனை வளர்க்கும் உரிமையும் பொதுவாதல் வேண்டும். பழமையைப் போற்றுவோர் இதனை மறத்தல் கூடாது.

தளர்ந்த கரை

1780-இல் ஐதரலியின் படையெடுப்பால் இச்சீமை பாழ்பட்டது. ஏரிகள் பல உடைந்து தூர்ந்தன. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட முயன்றார். மதுராந்தகம் பேரேரி உடைய இருந்த மழையிரவில் இராமலட்சுமணர் வில்லேந்திக் கரையைக் காத்து நிற்கக் கண்டு, அவர் தாயார் சந்நிதியை எழுப்பினார் என்பது ஏரிகாத்த இராமர் தலத்து ஐதிகம். ஏரியைக் காத்தல் இறைவனே மேற்கொள்ளும் தொழில் என்பதை இதனினும் அழகாக யார் உரைக்க வல்லார்?

ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் அரசு ஒவ்வொரு குடியானவருடனும் தனித்தனியே வரி பேசும் இரயத்துவாரி முறை வேரூன்றிற்று. களத்துப் பங்கு மறைந்தது. ஏரி அரசாங்கத்தின் உடைமையென ஆகவே, அதன்பால் ஊராருக்கு இருந்த பற்றும் குறைந்தது. வீட்டுக்கோர் ஆள் வந்து கரை கட்டிய குடிமராமத்தை நிலைநிறுத்த 1858-இல் சட்டம் இயற்றினர். பங்கு போனபின் பணியை மட்டும் சட்டத்தால் வரவழைக்க இயலவில்லை.

இன்றைய கடமை

இந்நாளில் ஊரப்பாக்கம் போன்ற ஊர்கள் நகரத்தின் வாயிலாகிவிட்டன. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2023 டிசம்பர் 30-இல் அண்டையிலுள்ள கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. கழனிகள் மனைகளாயின. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் தாம்பரத்தைச் சூழ்ந்த குடியிருப்புகள் பல நீரில் மூழ்கியபோது, ஏரியும் வாய்க்காலும் எதற்காக இருந்தன என்பது மீண்டும் உணரப்பட்டது. திருக்கோயில்களில் 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் பல்லாயிரவர் பசியை ஆற்றுகின்றது. ஆனால் இலையில் விழும் கீரையும் காயும் தொலைவிலிருந்து லாரியில் வருவனவாகவே உள்ளன.

இடம் குறுகியதால் வழி அடைபட்டது என்று கொள்ள வேண்டுவதில்லை. 1990-க்குப் பின் சோவியத் நாட்டின் உதவி நின்று உணவு முட்டுப்பட்டபோது, கியூபாவின் தலைநகரான ஹவானாவில் மக்கள் வெற்று மனைகளையே காய்கறித் தோட்டங்களாக்கிப் பசியை எதிர்த்து நின்றனர். இங்கோ நந்தவனம் என்னும் மரபு முன்னரே உண்டு. துளசியும் வில்வமும் வளரும் இடத்தில் வாழையும் முருங்கையும் அகத்தியும் கீரைப் பாத்தியும் வளரத் தடையில்லை. சந்நிதியில் கழியும் மாலைகளும் மடைப்பள்ளிக் கழிவும் மக்கி நல்ல எருவாகும். அன்பர் இல்லங்களின் மாடியிலும் கொல்லையிலும் விளைவதில் ஒரு பங்கு அன்னதானக் கூடத்திற்கு வருமாயின், களத்து மேட்டில் கோயிலுக்குப் பிரித்த பழைய பங்கு புத்துருப் பெறும்.

இதற்கு வேண்டுவது ஒரு தோட்ட வாரியம். ஆடவரும் பெண்டிரும் எல்லாக் குலத்தாரும் அமர்ந்ததாய், ஓராண்டுக் காலமுடையதாய், ஊரறியக் கணக்குக் காட்டுவதாய் அது அமைதல் வேண்டும். இராஜகோபுரத்திற்கு வழங்கும் பொருளில் ஒரு சிறு பகுதியேனும் ஏரி நீர் வரும் வாய்க்காலைத் துப்புரவு செய்வதற்கும் வழங்கும் கொடையாளர், பொலிசைப் பொன் வைத்த பழம்பெரும் புண்ணியவான்களின் வரிசையில் இடம் பெறுவர். பாலிகையில் முளைத்த பயிர் சில நாளில் வாடிவிடும். ஊரார் கைகூடி வளர்க்கும் பயிர் அடுத்த குடமுழுக்கு வரையிலும், அதற்கு அப்பாலும் தழைக்கும். மாதம் மும்மாரி பொழிய, ஏரி நிரம்ப, எவ்வுயிரும் பசியின்றி இன்புற்றிருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.