சாண்டோவும் கரடி மனையும்

கையில்லாத பனியனைக் கடையில் 'சாண்டோ பனியன்' என்று கேட்டு வாங்குகிறோம். அது ஒரு மனிதரின் பெயர். பிரஷ்யாவில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ, இரும்புக் குண்டுகளைத் தூக்கி உடலை உரப்படுத்தும் முறையை உலகெங்கும் பரப்பியவர். 1904-05-இல் இந்தியாவிற்கும் வந்து சென்றார். பெயர் இங்கேயே தங்கிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும், கட்டுடல் காரணமாக, அதுவே பட்டமாயிற்று.

சாண்டோ வருமுன் நம்மவர் வலிமையை நாடாதிருந்தாரல்லர். தமிழ்நாட்டில் தண்டாலும் கரலாக்கட்டையும் இருந்தன. கன்னட நாட்டில் மல்லர்கள் பயிலும் 'கரடி மனை' இருந்தது. (இச்சொல்லைப் பெங்களூரில் முதன்முறை கேட்கும் தமிழர் அஞ்சவேண்டா, கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.) மேனாட்டு இரும்பா, நம் நாட்டு ஆசனமா என்ற வழக்கு பின்னர் எழுந்தது. அவ்வழக்கைப் பெங்களூரில் இணக்கமாக முடித்து வைத்தவர் கோலார் வெங்கடேச ஐயர்.

கே. வி. ஐயர் என்று நகரத்தார் அறிந்த இவர், நாடக ஆசிரியர் கைலாசத்தின் நண்பர். ஹொய்சள அரசி சாந்தலையைப் பற்றிக் கன்னடத்தில் நாவல் எழுதியவர். ஜே. சி. சாலையில் அவரது வியாயாமசாலை அமைந்தது. 1930-இல் தசை வளர்ச்சியைப் பற்றியும், 1937-இல் சூரிய நமஸ்காரத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். எடை தூக்கலையும் ஆசனத்தையும் ஒரே மாணவனுக்கு ஒருங்கே கற்பித்ததுதான் அவர் செய்த புதுமை. 1928-இல் யோகத்தை உடற்பயிற்சியாக விளக்கி நூல் எழுதிய சுந்தரம் அவருக்குத் துணையாயிருந்தார். ஐயரின் எழுத்தில் தம் உடலழகைத் தாமே புகழும் பகுதிகள் சற்று மிகுதி. அவற்றைப் புன்னகையோடு கடந்துவிடலாம். நேரில் வர இயலாதவர்க்கு அஞ்சல் வழியாகவும் பாடம் அனுப்பினார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஏனெனில், ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில் வாழும் நம்மவர் பலருக்கும் பயிற்சிக்கூடம் எட்டாத பொருள். பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன்போ கணிப்பொறியின் முன்போ குனிந்திருப்பவர், உழைப்பே உடற்பயிற்சியென்று எண்ணுகிறார். அவ்வுழைப்பு கழுத்தையும் தோளையும் அயர்த்துமேயன்றி முதுகையும் தொடையையும் வலுப்படுத்துவதில்லை. வேறு சிலர், குறிப்பாக இளைஞர், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டணமாகச் செலுத்தி, முதல் நாளே பேரெடையைத் தூக்கி, மூன்றாம் நாள் கையை உயர்த்த மாட்டாமல் நின்றுவிடுகின்றனர்.

தொடங்குவோர்க்கு இரும்பு இன்றியமையாததன்று. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தண்டால் செய்தல் ஆகிய இரண்டுமே போதுமான முதற்பாடம். எடை வேண்டுமெனில், ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டி ஏறக்குறைய ஒரு கிலோ. பத்துப் பன்னிரண்டு முறை எளிதாகச் செய்ய முடிந்த பின்னரே சுமையைச் சிறிது கூட்டவேண்டும். முதற் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகளின் பழக்கத்தால் வருவது. தசை பின்னரே பருக்கும். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லையென்று கைவிடுவோர் இதனை அறியாதவரே.

வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்குப் பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. ஒருநாள் பயின்றால் மறுநாள் அத்தசைக்கு ஓய்வளிப்பது நன்று. எடையை உயர்த்துகையில் மூச்சை அடக்காமல் வெளிவிடுக. இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையவர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.